ஒற்றைக் கன்னத்துச் சந்தனம்

வலது பக்கமாக வருகிற கைகளை மட்டும் கவனித்தால் போதும், இடது பக்கத்தோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை, இடது கன்னத்தில் சந்தனத்தை அப்பினாலும் சரி, சுண்ணாம்பே அடித்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டுதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வாடகை நாற்காலி, சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் சிங்கத் தலை, போடியில் எந்த வீட்டு வளைகாப்பு ஆல்பத்தைத் திறந்தாலும் இந்தச் சிங்கம் இருக்கும். ஏழு மாத வயிறு, பச்சைப் பட்டு, கழுத்தில் மாலை. மாலையின் வலது பக்கத்தை ஊக்கு குத்தித் தோளோடு சேர்த்து வைத்திருக்கிறேன், பூ மேலே ஏறிக் கன்னத்தில் உரசக் கூடாது. முதலில் அம்மா வந்தாள். வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பை மாட்டி, கண்ணாடி வளையல் போட்டு, கையில் சந்தனம், இடது கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம், தலையில் அட்சதை. வலது கன்னத்தை அவள் பார்க்கவே இல்லை. அம்மாவுக்குத் தெரியும். என் புருஷனுக்கும் தெரியும், அவர் கீழே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு 'பல்லுல ஏதோ' என்பதுதான். பல்லும் இல்லை, கன்னமும் இல்லை. கன்னத்துக்குள் ஓடுகிற நரம்பு. மூன்று வருஷமாக. காற்று பட்டால், தண்ணீர் பட்டால், சிரித்தால், சில நாள் ஒன்றுமே படாவிட்டாலும், ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டதுபோல ஒரு வெட்டு, பத்து விநாடி, இருபது விநாடி, பிறகு போய்விடும். போன பிறகு பார்த்தால் முகத்தில் ஒரு சிவப்புக்கூட இருக்காது. அதுதான் அதன் சாமர்த்தியம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், எலும்பு முறிந்தால் படம் எடுக்கலாம், இதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது, அந்த வாயைத் திறந்தாலே வலிக்கும்.

ஆனால் இருபத்து மூன்று நாளாக அது வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் 'பரவாயில்லம்மா' என்றேன், அவ்வளவுதான். சொன்னால் அதற்குக் கேட்கும். சிரிக்காதீர்கள், மூன்று தடவை பட்டிருக்கிறேன். போன வருஷம் மாத்திரை நன்றாக வேலை செய்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடம் 'இப்பல்லாம் வர்றதே இல்லக்கா' என்று வாயை விட்டேன், அன்று சாயங்காலமே வந்தது, விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து. இப்போது மாத்திரையும் இல்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் நரம்பு டாக்டரும் பிரசவ டாக்டரும் பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வைகாசியில் நிறுத்திவிட்டார்கள். வைகாசியும் ஆனியும் நான் பட்டது எனக்குத் தெரியும், இந்தச் சுவர்களுக்குத் தெரியும். பிறகு ஆடி முடிகிற நேரத்தில் ஒரு காலையில் எழுந்தேன், அது இல்லை. மறுநாளும் இல்லை. புலி பதுங்குவது பாய்ச்சலுக்குத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்? தினமும் காலையில் சோதித்துப் பார்க்கிறேன். முதலில் விரல் நுனி. பிறகு துண்டு. பிறகு பிரஷ்ஷை மேல்வரிசையில் மெதுவாக. பத்தாம் நாள் பச்சைத் தண்ணீரை அள்ளி இரண்டு கன்னத்திலும் அடித்தேன், பதினைந்தாம் நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறுக்கை வலது பக்கமே வைத்துக் கடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷப்படலாம் அல்லவா? ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறது என்றுதான் யோசனை போகிறது. அம்மா சொல்கிறாள், 'உம்பிள்ள வவுத்துக்குள்ள வந்து ஒன் வலிய வாங்கிக்கிருச்சுடி' என்று. அவள் ஆசையாகத்தான் சொன்னாள். வாங்கி எங்கே வைத்திருக்கிறது? அந்தச் சின்ன முகத்திலா? அன்று ராத்திரி முழுக்க ஒவ்வொரு உதையையும் இது விளையாட்டா, துடிப்பா என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். நம்பிக்கையோடு இரு, நம்பிக்கைதான் பாதி மருந்து என்கிறார் டாக்டர். பாதி மருந்துதானே, மீதிப் பாதி என்னவென்று அவரும் சொல்லவில்லை. நம்பாமலும் இல்லை நான். நம்பிவிட்டு அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவளைப் போல.

இரண்டாவதாக வந்தது மதினி, என் புருஷனுடைய அக்கா ஜெயசுதா. சந்தனத்தை எடுத்தார், இடது கன்னத்தில் வைத்தார், சூடு பட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார். சரி, அவருக்கு என்மேல் கோபம், அது பழைய கணக்கு. மூன்றாவது எதிர்வீட்டு டீச்சர், இடது கன்னம். நான்காவது டீச்சருடைய மருமகள், இடது கன்னம். இதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, தப்பித்தேன் என்றுதான் மூச்சு விட்டேன். ஐந்தாவது வந்த அம்மா யாரென்றே தெரியாது, ஏலக்காய்க் கடைக்காரர் வீடு போல, கை முழுக்கத் தங்க வளையல். அந்தக் கை நேராக என் வலது கன்னத்துக்கு வந்தது. நான் சிங்கத் தலையை இறுக்கிப் பிடித்தேன். பாதி வழியில் அந்தக் கை நின்றது. எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டதுபோல நின்று, சுற்றிக்கொண்டு போய் இடது கன்னத்தில் வைத்தது. அந்தம்மா நாக்கைக்கூடக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். நான் வந்து உட்கார்ந்தபோது என் பக்கம் திரும்பியிருந்த ஸ்டாண்டு மின்விசிறி இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெண்கள் எல்லாரும் வேர்த்து வழிந்து முந்தானையால் விசிறுகிறார்கள், ஒருத்திகூட அதைத் திருப்பச் சொல்லவில்லை. மேற்கு ஜன்னல் சாத்தியிருக்கிறது. ஆவணியிலும் மலைக்காற்று நிற்காத ஊர் இது, இந்த மாடியைக் கட்டியதே காற்றுக்காகத்தான். பன்னீர்ச் செம்பு மேஜையில் அப்படியே இருக்கிறது, வருகிறவர்கள் தலையில் தெளிக்க ஆள் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் என் மாமியார் தனபாக்கியம் நின்று, ஒவ்வொருத்தி கையிலும் இரண்டு வளையலைக் கொடுத்து, காதருகே குனிந்து ஏதோ சொல்லி அனுப்புகிறார். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைகிறது, கேட்டவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். ஒவ்வொருத்தியும் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்?

என்ன சொல்வார்? 'அவளுக்கு வாய்க்குள்ள ஏதோ சீக்கு, தொட்டுறாதீக' என்பாரா? அல்லது 'ரொம்பப் பண்ணுவா, எதுக்கு வம்பு, தூரமா நின்னு வச்சுட்டு வந்துருங்க' என்பாரா? இரண்டாவதுதான் அவர் குரலுக்குப் பொருந்துகிறது. வலி ஆரம்பித்த வருஷம் தேனியில் ஒரு பல் டாக்டர் வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், வலி நிற்கவில்லை என்று பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார், மூன்றாவதையும் பிடுங்குவதற்குள் மதுரையில் வேறொருவர் பார்த்து, இது பல் இல்லையம்மா, நரம்பு என்றார். நல்ல பல் இரண்டு போனதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து சொன்னால் என் மாமியார் கேட்டார், 'பல்லே ரெண்டு புடுங்கியாச்சு, இன்னும் வலிக்க என்ன இருக்கு?' நியாயமான கேள்விதான். பிறகு வாசலில் யாரோ கேட்டபோது, 'வேலை செய்யுற நேரம் பாத்து வரும், டிவி பாக்குற நேரம் வராது' என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று மனசுக்குள் திட்டினேன். திட்டிய வாயோடு அவருக்கும் இது வரவேண்டும் என்று ஒருநாள் நினைத்தேன், ஒருநாள் இல்லை, பலநாள். ஒருவேளை அதுவும் அவருக்குத் தெரியுமோ என்று சந்தேகமாக இருக்கும். அப்படிப்பட்டவர் இன்று நின்று காதுகாதாக ஓதுகிறார். ஏழாவது கை, இடது கன்னம். எட்டாவது, இடது கன்னம். என் இடது கன்னம் கோயில் தூண் மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது, வலது கன்னம் கழுவிவிட்ட தரையாக இருக்கிறது. போட்டோக்காரர் வேறு, 'அக்கா, அந்தப் பக்கமும் கொஞ்சம் வச்சா படம் நல்லா வரும்' என்கிறார். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

கூட்டத்தின் காலடியில் தன்ஷிகா உட்கார்ந்திருக்கிறாள், மதினியின் மகள், மூன்று வயசு. என்னைப் பார்க்கிறாள், நான் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறாள். தைப்பொங்கல் அன்று இவள் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள், கையெல்லாம் சர்க்கரைப் பொங்கல், நெய்யும் வெல்லமுமாக அந்தக் குட்டிக் கையை எடுத்து என் வலது கன்னத்தில் வைத்து 'அத்தே' என்றாள். அடுத்தது எனக்குத் தெரியாது. நான் செய்தேன் என்று என் மூளைக்குத் தெரிவதற்குள் என் கை செய்துவிட்டது. தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன் என்பது மரியாதையான வார்த்தை, தள்ளிவிட்டேன். பிள்ளை மடியிலிருந்து சரிந்து நிலைப்படியில் வாய் அடித்து உதடு கிழிந்து ரத்தம். மதினி ஓடிவந்து தூக்கியதும், 'பச்சப்பிள்ளயத் தள்ளிவிடுற, நீயெல்லாம் பொம்பளயா' என்று கேட்டதும், நான் கன்னத்தைப் பொத்தியபடி வாய் திறக்க முடியாமல் நின்றதும், என் மாமியார் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே 'பெத்துப் பாத்தாத்தான் தெரியும்' என்று சொன்னதும் எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடந்துவிட்டது. அடுத்த மாதமே நாள் தள்ளிப்போனது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான் பட்டேன், ஆனால் சந்தோஷம் இந்தப் பக்கம் நின்றதென்றால் அந்தச் சர்க்கரைப் பொங்கல் கை அந்தப் பக்கம் நின்றது. பிள்ளை பிறக்கும். பிள்ளைக்குக் கை இருக்கும். அந்தக் கை முதலில் அம்மா முகத்தைத்தானே தேடும்? மூக்கைப் பிடிக்கும், கன்னத்தைப் பிடிக்கும், பால் குடிக்கும்போதே அடிக்கும். அப்போது என் கை என்ன செய்யும்? இதைத்தான் ஏழு மாதமாக நான் யாரிடமும் கேட்கவில்லை. பிரசவ வலியைப் பற்றி என்னைப் பயமுறுத்தாத பெண் இந்த ஊரில் இல்லை, எனக்கு அதில் ஒரு பயமும் கிடையாது. என் பயமெல்லாம் என் வலது கை. வலி வருவதோ போவதோ அதன் இஷ்டம். என் கை என் இஷ்டத்தில் இருக்கவேண்டும், இருக்குமா? வலி இல்லாத இந்த இருபத்து மூன்று நாளில் அதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்று இந்தப் பெண்கள் இத்தனை பேரும் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதற்கும் யாரோ வழி இல்லாமல் செய்துவிட்டார்கள்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. கம்பத்துப் பெரியம்மா, மாமனாருடைய அண்ணன் சம்சாரம், வண்டி லேட்டாம், வரிசையாவது ஒன்றாவது, நேராக மேஜைக்கு வந்து கிண்ணத்தில் இரண்டு கையையும் விட்டு அள்ளினார், மாமியார் காதருகே குனிவதற்கு இடமே கொடுக்கவில்லை. 'எம்மருமக எப்புடி செவந்து போயிருக்கா' என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறார். பெரிய கைகள், பருத்திக் காட்டில் வேலை செய்து காய்த்த கைகள், இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து வருகின்றன. என் பல் தானாகக் கடித்துக்கொண்டது. வரட்டும் என்று ஒரு மனசு, ஐயோ என்று ஒரு மனசு. அதற்குள் இடையில் ஒரு கை பாய்ந்து பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது. என் மாமியார்.

"அக்கா, எடக்கன்னத்துல மட்டும் வைங்க."

"ஏன்டி? ஒத்தக் கன்னத்துல வைக்க இவ என்ன பாதிப் பொம்பளயா? ஒம் மக ஜெயசுதாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் நாந்தான அப்பி விட்டேன்?"

"அது அவளுக்கு. இவளுக்குக் கொலசாமிக்கிட்டப் பூக்கட்டிப் பாத்தோம். எடக்கன்னத்துல மட்டுந்தேன் சந்தனம் படணும்னு உத்தரவு. எல்லாருகிட்டயும் அதத்தேன் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பெரியம்மாவின் கை அப்படியே இறங்கிவிட்டது. சாமி உத்தரவு என்றால் கம்பமும் சரி, போடியும் சரி, அதற்குமேல் பேச்சு கிடையாது. சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிச் சன்னிதியில் போட்டு, எது வருகிறதோ அதுதான் சாமி சொன்னது. வீடு வாங்கவும் பெண் எடுக்கவும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் நாங்கள் குலசாமி கோயிலுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. பொட்டலமும் கட்டவில்லை, பூவும் எடுக்கவில்லை. இவர் பொய் சொல்கிறார். சாமி பெயரில், சபை நடுவில், கண் சிமிட்டாமல் பொய் சொல்கிறார். எதற்கு? சீக்குக்கார மருமகள் என்று வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அசிங்கம் என்றா? மதினி முகத்தைப் பார்த்தேன், அவர் மின்விசிறியின் பக்கத்தில் நின்றுகொண்டு, அதைத் திருப்ப வந்த ஒரு பெண்ணைக் கண்ணாலேயே விரட்டினார். இவருமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நான் இத்தனை நேரம் எதைப் பார்த்து அரண்டுகொண்டிருந்தேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. பெரியம்மா இடது கன்னத்தில் ஒரு கை சந்தனத்தையும் அப்பி, மீதியை என் கையில் தடவிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்து முறையில் கடைசியில் மாமியார். அவர் வந்து எதிரே குனிந்தார், வளையலை மாட்டினார், வியர்வையில் வளையல் ஏறவில்லை, விரலை ஒடுக்கி ஒடுக்கி ஏற்றினார். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியம் வந்தது.

"எதுக்கத்த பொய் சொன்னீக?"

"நரம்பு, வலின்னு சொன்னா ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி மூஞ்சியப் புடிச்சுப் பாப்பாளுக. சாமின்னா வாய மூடிக்கிருவாளுக." இன்னொரு வளையல். "கைய இறுக்காத, ஒடஞ்சிரும்."

"எனக்கு இப்ப வலியே இல்லத்த. இருபத்து மூணு நாளாச்சு."

சொல்லிவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லாததை இவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், அதற்கும் கேட்டிருக்கும்.

"தெரியும். கதவச் சாத்திக்கிட்டு முறுக்குக் கடிச்சேல்ல, மச்சு வரைக்கும் சத்தம் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா ஃபேனத் திருப்புனீக?"

"போயிருச்சுன்னு நீயே நம்பல, நான் நம்பிறவா?"

அவர் சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வைகாசில ஒருநா, வீட்ல ஆளில்லன்னு நெனச்சு நீ கொல்லைல கொழாயடில ஒக்காந்திருந்த. நான் சந்தைக்குப் போனவ பையை மறந்து திரும்பி வந்தேன். முந்தானையச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி அதுபாட்டுக்கு ஓடுது, சத்தமில்ல. நான் வந்ததும் தெரியல, போனதும் தெரியல. நடிக்கிறவ ஆளு இருக்குற எடத்துலதான நடிப்பா. ஆளில்லாத கொல்லைல எவ நடிப்பா?" மாட்டிய வளையலை நேராக்கினார். "பல்லு புடுங்குன வருஷம் வாசல்ல நின்னு நான் பேசுனது ஒனக்குக் கேட்டுச்சுன்னும் எனக்குத் தெரியும்."

அழுகை வந்தது, அழுதாலும் அது வரும் என்று அடக்கினேன். மூன்று வருஷமாக ஒருவர் நம்பவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன், நம்பிவிட்டார், இப்போது அதையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இடது கன்னத்தில் சந்தனம் வைக்க விரலைத் தோய்த்தார்.

"அத்த, வலப்பக்கம் வைங்க."

"வேணாம்டி."

"வைங்க."

"இல்லாத வலியக் கூப்புட்டு விடுறியாக்கும்? சும்மா இரு."

"பிள்ள தொடுமுல்லத்த," என்றேன். "நான் தட்டிவிட்டுட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு விரலில் கொஞ்சமாகச் சந்தனம் எடுத்தார், உள்ளங்கையில் தேய்த்துக் குளிர்ச்சி போகச் செய்தார், வலது பக்கமாக வந்தார். நான் கண்ணை மூடவில்லை. விரல் பட்டது. ஒன்று. இரண்டு. ஒன்றும் இல்லை. போய்விட்டதோ, நிஜமாகவே போய்விட்டதோ என்று மனசு துள்ளி எழுந்திருக்கப் போன அந்த நேரத்தில் வந்தது. இருபத்து மூன்று நாளும் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருந்தது, உதட்டு ஓரத்திலிருந்து கண் வரைக்கும் அதே வழியில், அதே பழைய வெட்டு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாமியாருக்கு அது தெரிந்துவிட்டது. அவர் பதறி விரலை எடுக்கவில்லை, எடுத்தால் அந்த அசைவு இன்னொன்றைக் கொண்டுவரும் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். பெரியம்மா கூட்டத்திலிருந்து "ஏன்டி தனபாக்கியம், சாமி உத்தரவு என்னாச்சு?" என்று கத்துகிறார். எட்டு, ஒன்பது, பத்து. எரிகிறது, இன்னும் எரிகிறது, என் உடம்பு மொத்தமும் அந்த விரலை வேண்டாம் வேண்டாம் என்கிறது. நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். வலது கை. பதினேழு வளையலோடு, வேப்பங்காப்போடு, சந்தனத்தோடு, வயிற்றின்மேல் வைத்தது வைத்தபடி இருந்தது.